குதிரைமுக இரும்புத்தாதுச் சுரங்கம்

குதிரைமுக இரும்புத்தாதுச் சுரங்கம் என்பது கருநாடக மாநிலம் சிக்கமகளூர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மீது 1980 முதல் 2005 வரை இயங்கிய திறந்தவெளி இரும்புச் சுரங்கம் ஆகும். இந்திய நடுவண் அரசின் குதிரைமுக இரும்புத்தாது நிறுவனம் இதனை நடத்தியது. தாதுவைப் பிரித்தபின் எஞ்சிய கழிவுச்சேற்றைத் தேக்குவதற்காகப் பத்ரா ஆற்றின் கிளை ஓடையான லக்யாவின் குறுக்கே 100 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட லக்யா அணை, இந்தியாவில் இவ்வகைக்கென அமைந்த பெரிய மண் அணைகளுள் ஒன்று. உச்ச நீதிமன்றத்தின் 2002 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 2005 ஆம் ஆண்டு இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டாலும் அணையும், அதன் பின்னுள்ள சேறும், வெட்டப்பட்ட மலைச்சரிவுகளும் அங்கேயே உள்ளன. ஈரமான மலைப்பகுதியில் உலோகச் சுரங்கம் ஒன்றின் நீரையும் நிலத்தையும் எவ்வாறு மேலாள்வது என்னும் கேள்விக்கு இந்தியாவில் கிடைக்கும் முழுமையான எடுத்துக்காட்டு இதுவே எனலாம்.

பெயரும் கலைச்சொற்களும்

கன்னடத்தில் "குதுரே" என்பது குதிரை, "முக" என்பது முகம். கடலின் திசையிலிருந்து நோக்கும்போது சிகரம் குதிரையின் முகத்தைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. தமிழில் குதிரேமுக், குத்ரேமுக், குதுரேமுகம் எனப் பலவாறு எழுதப்படுகிறது. இக்கட்டுரையில் குதிரைமுகம் என்ற வடிவம் பயன்படுத்தப்படுகிறது.

சுரங்கத்தில் வெட்டியெடுத்த பாறையை அரைத்துப் பயனுள்ள கனிமத்தைப் பிரித்தபின் மிஞ்சும் நுண்ணிய மணலும் நீரும் கலந்த கூழ் ஆங்கிலத்தில் டெய்லிங்ஸ் எனப்படுகிறது. இதற்குத் தமிழில் உறுதியான ஒற்றைச் சொல் நிலைபெறவில்லை. கசடு, தாதுக்கழிவு, கழிவுச்சேறு ஆகியவை புழங்குகின்றன. கசடு என்பது உலையிலிருந்து வரும் கழிவையும் குறிப்பதால் இங்கு கழிவுச்சேறு என்ற சொல் எடுத்தாளப்படுகிறது. தாது இருக்கும் இடத்தை அடைவதற்காக அகற்றப்படும் மேல்மண்ணும் வெற்றுப்பாறையும் கழிவுச்சேறு அல்ல. அவை உலர்ந்த நிலையில் வேறிடத்தில் கொட்டப்படுபவை. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை.

அமைவிடமும் மழையும்

குதிரைமுகச் சிகரம் ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரமுடையது. இதனைச் சூழ்ந்த மலைகளில் சரிவுகளின் மேற்பகுதி புல்வெளியாகவும், நீரோடும் மடிப்புகள் சோலைக்காடாகவும் உள்ளன. நீலகிரியையும் ஆனைமலையையும் அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு பழக்கமானதே. துங்கா, பத்ரா, நேத்திராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இம்மலைத்தொகுதியில் உள்ள கங்காமூலா என்னும் இடத்தில் தோன்றுகின்றன. நேத்திராவதி மேற்கே ஓடி மங்களூரில் கடலை அடைகிறது. பத்ரா கிழக்கே ஓடி லக்கவள்ளியில் உள்ள பத்ரா அணையை அடைந்து, பின்னர்ச் சிவமொக்கா அருகே கூடலி என்னுமிடத்தில் துங்காவுடன் சேர்ந்து துங்கபத்திரை ஆகிறது. துங்கபத்திரை கிருட்டிணை ஆற்றில் கலக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மந்திராலயம் செல்வோர் நீராடும் ஆறும் இதுவே.

இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 6,000 முதல் 7,000 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையான நான்கு மாதங்களில் கொட்டிவிடுகிறது. திருச்சிராப்பள்ளியின் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர் மட்டுமே. அதாவது திருச்சிராப்பள்ளியில் ஏழெட்டு ஆண்டுகளில் பெய்யும் மழை குதிரைமுகத்தில் ஒரே ஆண்டில் பெய்கிறது. சுரங்கத்தின் வரலாற்றில் ஏற்பட்ட சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இந்த ஓர் எண்ணே விளக்கிவிடும்.

வரலாறு

இம்மலையின் இரும்புப் படிவத்தை 1913 இல் நிலவியலாளர் சம்பத் ஐயங்கார் கண்டறிந்தார். தாதுவில் இரும்பின் அளவு குறைவாக இருந்ததாலும் மலைக்குச் சாலை வசதி இல்லாததாலும் அரை நூற்றாண்டுக் காலம் எவரும் அதனைத் தொடவில்லை. 1960களில் தேசியக் கனிம வளர்ச்சிக் கழகம் ஆய்வுகளை மேற்கொண்டது. 1969 சூலையில் 30 ஆண்டுகளுக்கான சுரங்கக் குத்தகை வழங்கப்பட்டது. குத்தகைப் பரப்பு சுமார் 4,605 எக்டேர்.

திட்டத்திற்கு உயிர் கொடுத்தது ஈரான். எண்ணெய் வருவாய் பெருகியிருந்த அந்நாட்டின் மன்னராட்சி, தன் எஃகு ஆலைகளுக்குத் தாது வேண்டி 1975 நவம்பரில் இந்தியாவுடன் உடன்பாடு செய்துகொண்டது. 63 கோடி அமெரிக்க டாலர் கடனாக அளிப்பதாகவும், 21 ஆண்டுகளில் 15 கோடி டன் அடர்தாதுவை வாங்கிக்கொள்வதாகவும் ஈரான் ஒப்புக்கொண்டது. இதற்கென 1976 ஏப்ரல் 2 ஆம் நாள் குதிரைமுக இரும்புத்தாது நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 75 இலட்சம் டன் அடர்தாது ஆக்கும் ஆலை, தொழிலாளர் நகரியம், மங்களூர்த் துறைமுகம் வரையிலான 67 கிலோமீட்டர் நீளக் குழாய், லக்யா அணை ஆகிய அனைத்தும் சில ஆண்டுகளிலேயே கட்டப்பட்டன. 1979 இல் ஈரானில் புரட்சி ஏற்பட்டு மன்னராட்சி வீழ்ந்தது. 1980 இல் ஆலை இயங்கத் தொடங்கியபோது அதன் ஒரே வாடிக்கையாளர் இல்லாமற் போயிருந்தார். பின்னர் நிறுவனம் பிற நாடுகளில் சந்தை தேடியது. 1987 இல் மங்களூரில் தாதுவை உருண்டைகளாக்கும் ஆலையையும் அமைத்தது.

ஒரே நாட்டின் தேவைக்கென ஒரே மூச்சில் பேரளவில் திட்டமிட்டதால், கழிவுச்சேற்றின் அளவும் தொடக்கத்திலிருந்தே பேரளவினதாக இருந்தது. வாடிக்கையாளர் மறைந்தாலும் அணையின் அளவு மாறவில்லை.

தாதுவும் பிரித்தெடுப்பும்

குதிரைமுகத் தாது மாக்னடைட்டுக் குவார்ட்சைட்டு வகையைச் சேர்ந்தது. இரும்பு ஆக்சைடும் குவார்ட்சும் மெல்லிய பட்டைகளாக மாறிமாறி அமைந்த பாறை இது. மேலடுக்கில் பன்னெடுங்காலம் மழையில் ஊறிச் சிதைந்த மென்மையான தாதுவும், அதன் கீழே கடினமான சிதையாத தாதுவும் உள்ளன. சுரங்கம் தன் காலம் முழுவதும் முதன்மையாக வெட்டியெடுத்தது மேலடுக்குத் தாதுவையே. அதில் இரும்பின் அளவு ஏறத்தாழ 38 விழுக்காடு. ஏற்றுமதிக்கு உரிய அடர்தாதுவில் 67 விழுக்காடு தேவைப்பட்டது.

பெல்லாரி அல்லது பைலதிலாவில் கிடைப்பது போன்ற உயர்தரத் தாதுவை உடைத்துச் சலித்து அப்படியே அனுப்பிவிடலாம். குதிரைமுகத் தாதுவை மாவுபோல அரைத்தாக வேண்டும். அரைத்ததை நீரில் கலந்து காந்த உருளைகளின் மேல் செலுத்தினால் மாக்னடைட்டு ஒட்டிக்கொள்ளும். காந்தத்தில் ஒட்டாத ஏமடைட்டைத் திருகுசுழல் தொட்டிகளில் எடை வேறுபாட்டால் பிரிப்பர். இவ்வாறு ஏறக்குறைய மூன்று டன் தாதுவிலிருந்து ஒரு டன் அடர்தாது கிடைக்கும். மீதி இரண்டு டன், அரைக்கப்பட்ட குவார்ட்சும் களிமண்ணும் பிடிபடாத இரும்பு ஆக்சைடுமாக நீருடன் வெளியேறும். அடர்தாது குழாய் வழியே மலையிலிருந்து மங்களூருக்கு இறங்கியது. கழிவுச்சேறு லக்யாவுக்குச் சென்றது.

செம்பு, ஈயம், துத்தநாகம் போன்ற சல்பைடுத் தாதுச் சுரங்கங்களில் கழிவுச்சேறு காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறுவதே தலையாய இடர். இரும்பு ஆக்சைடுச் சுரங்கங்களில் அந்த இடர் ஒப்பளவில் குறைவு. பொன் சுரங்கங்களைப் போலச் சயனைடும் இங்கு பயன்படுவதில்லை. இதனைக் காட்டிக் குதிரைமுகக் கழிவு "வெறும் மண்" என்று வாதிட்டவர்கள் உண்டு. நச்சுத்தன்மை இல்லை என்ற அளவில் அது சரியே. ஆனால் மலையோடை ஒன்றுக்கு நுண்துகள் மட்டுமே போதுமான கேட்டை விளைவிக்கும்.

நுண்துகள் படிதல்

நீரில் விழும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 மைக்ரான் விட்டமுள்ள குவார்ட்சுத் துகள் அசையாத நீரில் நொடிக்கு ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் இறங்கும். ஒரு மீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ அதே ஒரு மீட்டரைக் கடக்க 13 நாட்கள் வேண்டும். காற்றும் மழையும் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும் தேக்கத்தில் அது படியாமலேயே வழிந்தோடிவிடும்.

எனவே கழிவுச்சேற்று அணை என்பது வெறும் சுவர் அன்று. அது நேரத்தை வாங்கித்தரும் கருவி. சேறு ஒரு முனையில் நுழைந்து, பருமணல் உடனே படிந்து, நுண்துகள் நெடுந்தொலைவு நகர்ந்து படிந்து, மறுமுனையில் மேற்பரப்பின் தெளிநீர் மட்டும் எடுக்கப்பட வேண்டும். சேறு நிரம்ப நிரம்ப நீரின் ஆழமும் பரப்பும் குறைகின்றன. அதனால் தெளிவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. அணையை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு சுரங்கத்திலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுவதன் காரணம் இதுவே. சுண்ணாம்பு, படிகாரம் அல்லது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைச் சேர்த்து நுண்துகள்களைத் திரளச் செய்வதும் உண்டு. கலங்கிய ஊற்றுநீரில் தேற்றாங்கொட்டையைத் தேய்க்கும் பழைய தமிழ் வழக்கமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்.

லக்யா அணையும் நீர்க்கணக்கும்

லக்யா அணை இரண்டு வேலைகளைச் செய்தது. கழிவுச்சேற்றைத் தேக்கியது, ஆலைக்குத் தேவையான நீரையும் சேர்த்துவைத்தது. தெளிந்த நீர் மீண்டும் ஆலைக்கு ஏற்றப்பட்டது. கோடையில் பத்ராவில் நீர் குறையும்போது இந்தத் தேக்கமே ஆலையை இயக்கியது. நீரை மறுசுழற்சி செய்வதில் இது நல்ல ஏற்பாடு.

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 மீட்டர் மழை பெய்தால் 60 இலட்சம் கன மீட்டர் நீர் சேரும். தேக்கத்தின் மீது நேரடியாக விழுவதுடன் சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து ஓடி வருவதையும் சேர்க்க வேண்டும். ஆவியாதலால் ஆண்டு முழுவதும் இழக்கப்படும் நீர் இதில் ஒரு சிறு பங்கே. ஆலை எவ்வளவு நீரைத் திரும்ப எடுத்தாலும் மிச்சம் வெளியேறித்தான் ஆக வேண்டும். ஆகவே ஈரமான மலைச் சுரங்கத்தில் "வெளியேற்றமே இல்லை" என்ற நிலையை அடைவது இயலாது. அங்குள்ள கேள்வி, வெளியேறும் நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதே. அணைக்கு மேலுள்ள தூய மழைநீரைச் சேற்றுடன் கலக்கவிடாமல் பக்கவாட்டுக் கால்வாய்களில் திருப்பிவிடுவது, மழைக்கு முன்பே நீர்மட்டத்தைத் தாழ்த்திவைப்பது, பெருவெள்ளத்தையும் தாங்கும் வழிந்தோடி அமைப்பது ஆகியவை இதற்கான முறைகள். மண் அணையின் மேல் நீர் வழிந்தால் சில மணி நேரத்தில் அது அறுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் வழிந்தோடியே அணையின் உயிர்.

வறண்ட நிலத்தில் இக்கணக்கு வேறு. திருச்சிராப்பள்ளி போன்ற இடத்தில் ஆவியாகக்கூடிய நீர் பெய்யும் மழையைவிட அதிகம். அங்கு சேறு காய்ந்துவிடும்; பகை நீரன்று, காற்று. கோலார் தங்கவயலில் நடந்தது இதுவே. நூறாண்டுக்கு மேலாகப் பொன் பிரித்தபின் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடுகளாகக் குவிந்தது. 2001 பெப்ரவரி 28 இல் சுரங்கம் மூடப்பட்டது. பெரும்பாலும் தமிழரான அங்குள்ள தொழிலாளர் குடும்பங்கள் சயனைடு மேடு என்றழைக்கும் அக்குவியல்களிலிருந்து காற்றடிக்கும் காலத்தில் புழுதி எழுந்து வீடுகளில் படிந்து வருகிறது.

பத்ரா ஆற்றில் வண்டல்

அணை பிடித்துவைத்தது ஆலையிலிருந்து வந்த சேற்றை மட்டுமே. வெட்டப்பட்ட மலைமுகம், சாலைகள், மண் கொட்டிய சரிவுகள் ஆகியவற்றிலிருந்து அடித்துவரப்பட்ட மண் வேறு ஓடைகள் வழியாகவும் பத்ராவைச் சேர்ந்தது. சிதைந்த மேலடுக்குத் தாது மென்மையானது என்பதால் மழைக்கு எளிதில் கரைந்தது. இதனைத் தடுக்க நிறுவனம் சிறு தடுப்பணைகளைக் கட்டியது. ஒரே மழைக்காலத்தில் அவை நிரம்பிவிட்டால் அடுத்த மழைக்கு முன் தூர்வார வேண்டும். கழிவுச்சேற்றுக் குழாய்களில் ஏற்பட்ட கசிவுகள் குறித்தும் புகார்கள் எழுந்தன.

பத்ராவின் நீரில் மிதக்கும் வண்டலை அளந்து மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு 2006 இல் ஆய்விதழில் வெளியானது. படுகையின் பரப்பில் சிறு பகுதியே ஆன சுரங்க நிலத்திலிருந்து வண்டலின் மிகுதியான பங்கு வந்தது என்பது அதன் முடிவு. ஆண்டு வண்டலில் பெரும்பகுதி சில கனமழை நாட்களில் மட்டுமே கடந்துபோனது என்பதும் இத்தகைய அளவீடுகளில் தெரியவருவது. மாதத்திற்கு ஒருமுறை குப்பியில் நீர் எடுத்துச் சோதிக்கும் வழக்கமான கண்காணிப்பு இந்த நாட்களைத் தவறவிட்டுவிடும். அறிக்கையில் நீர் தூய்மையாகவும் ஆற்றில் செம்மண் நிறமாகவும் இருப்பதன் மருமம் பெரும்பாலும் இதுதான்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் வண்டல் உழவர்களுக்கும் இழப்பை ஏற்படுத்தியது. வெள்ளம் வடிந்தபின் வயலில் படியும் ஆற்று வண்டல் பொதுவாக உரமாகும். காவிரிப் படுகையினர் அதனை நன்கு அறிவர். அரைத்த குவார்ட்சில் உரச்சத்து ஏதும் இல்லை. அது மண்ணின் துளைகளை அடைத்து மேலே கெட்டியான ஏடாகப் படிகிறது. கரையோர ஊரார் இதனைக் குறித்து நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். கற்களுக்கு இடையே முட்டையிடும் மலையோடை மீன்களுக்கும் இதே கதி.

வழக்கும் மூடலும்

1987 இல் கருநாடக அரசு குதிரைமுகத் தேசியப் பூங்காவிற்கான முதல்நிலை அறிவிப்பை வெளியிட்டது. சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கின் முதன்மையான வாழிடங்களுள் ஒன்று இது என்பது அதற்கு ஒரு காரணம். 600 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்காவின் இறுதி அறிவிப்பு 2001 இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில், 1999 சூலையில், சுரங்கக் குத்தகை முடிவுக்கு வந்தது. தற்காலிக நீட்டிப்புகளின் பேரில் வேலை தொடர்ந்தது. மேலும் இருபது ஆண்டுகளுக்குக் குத்தகையும், கங்கடிகல், நெல்லிபீடு ஆகிய வெட்டப்படாத பகுதிகளுக்கு இசைவும் நிறுவனத்தின் கோரிக்கையாக இருந்தன.

ஓய்வுபெற்ற வன அலுவலரான கே. எம். சின்னப்பா தாக்கல் செய்த மனு, உச்ச நீதிமன்றத்தில் நடைபெற்றுவந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் பகுதியாக விசாரிக்கப்பட்டது. (இதிலுள்ள "டி. என்." தமிழ்நாட்டைக் குறிப்பதாகச் சிலர் எழுதுவதுண்டு. அது மனுதாரரின் பெயர் முதலெழுத்து. எனினும் நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரங்கள் வெட்டப்பட்டதே அவ்வழக்கின் தோற்றுவாய் என்பதால் தமிழ்நாட்டுத் தொடர்பு இல்லாமலும் இல்லை.) நடுவண் அரசின் வன ஆலோசனைக் குழு, ஏற்கனவே வெட்டப்பட்ட பகுதிக்குள் மட்டும் சில ஆண்டுகள் இயங்கிப் படிப்படியாக மூடலாம் எனப் பரிந்துரைத்திருந்தது. 2002 அக்டோபர் 30 இல் வழங்கிய தீர்ப்பில், வெட்டப்பட்ட பகுதியில் உள்ள சிதைந்த தாது தீரும் வரை அல்லது 2005 ஆம் ஆண்டு இறுதி வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை மட்டுமே சுரங்கம் இயங்கலாம் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2005 டிசம்பர் 31 உடன் பணி நின்றது.

இழப்பு இல்லாமல் இது நிகழவில்லை. பள்ளி, மருத்துவமனை, அங்காடியுடன் மலைமேல் உருவாக்கப்பட்டிருந்த நகரியம் வெறிச்சோடியது. சுரங்கத்தைச் சார்ந்து வாழ்ந்த கடைக்காரர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேறிடம் தேடினர். மறுபுறம் பூங்கா அறிவிப்பால் தாங்களும் வெளியேற்றப்படுவோம் என்ற அச்சம் காட்டோரப் பழங்குடியினரிடமும் சிறு உழவர்களிடமும் எழுந்தது. சுரங்கத்தை எதிர்த்தவர்கள் எல்லோரும் பூங்காவை விரும்பினார்கள் என்று கொள்ளலாகாது.

நிறுவனம் மங்களூரில் வெளியிலிருந்து வாங்கிய தாதுவைக் கொண்டு உருண்டை ஆலையை நடத்தியது. 2009 இல் அதன் பெயர் கே.ஐ.ஓ.சி.எல். என மாற்றப்பட்டது. 2012 இல் யுனெசுக்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலக மரபுக்களமாக அறிவித்தபோது குதிரைமுகத் தேசியப் பூங்காவும் அதில் இடம்பெற்றது. 2024 இல் பெல்லாரி மாவட்டம் தேவதாரியில் இந்நிறுவனம் புதிய சுரங்கம் தொடங்க முயன்றபோது, குதிரைமுகத்தில் நிகழ்ந்த மீறல்களுக்கான தொகையை முதலில் செலுத்த வேண்டும் என்று கருநாடக வனத்துறை நிலத்தை ஒப்படைக்க மறுத்தது.

நில மீட்பு

சுரங்கம் இயங்கிய காலத்திலேயே நிறுவனம் இலட்சக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டது. இவற்றில் வேகமாக வளரும் அயல்நாட்டு அக்கேசியா, தைலமரம் போன்றவை மிகுதி. வெற்று மண்ணை விரைந்து மூடுவதற்கு இவை உதவின. ஆயினும் இம்மலையின் மேற்சரிவுகள் இயற்கையில் காடு அல்ல, புல்வெளி. புல்வெளியில் அயல் மரங்களை நட்டுப் பசுமையாக்கியதாகக் கணக்குக் காட்டுவது நில மீட்பு ஆகாது என்பது சூழலியலாளர் பலரின் கருத்து. நீலகிரிப் புல்வெளிகளில் சீகை மரமும் தைலமரமும் நடப்பட்டதன் விளைவை அறிந்தோர் இதனை எளிதில் ஒப்புவர். நட்ட மரங்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டதே தவறின் தொடக்கம் எனலாம். ஓடையில் வரும் வண்டல் எவ்வளவு குறைந்தது, கோடையில் ஊற்று எத்தனை நாள் ஓடியது என்பனவே சரியான அளவுகோல்கள்.

வெட்டப்பட்ட மலையை மீட்கும் வேலை மரத்தில் தொடங்குவதில்லை, வடிகாலில் தொடங்குகிறது. செங்குத்தான படிகளைச் சாய்த்து நீளத்தைத் துண்டாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நீரைப் பக்கவாட்டில் மெதுவாக இறக்கும் கல்பாவிய கால்வாய் வேண்டும். அரிப்புப் பள்ளங்களில் கல்லாலும் மூங்கிலாலும் சிறு தடுப்புகள் இட வேண்டும். அதன்பின்னரே மேல்மண். மேல்மண் என்பது விதைகளும் பூஞ்சைகளும் புழுக்களும் அடங்கிய உயிர்ப்பொருள். சுரங்கம் தொடங்கும் நாளில் தனியே எடுத்துவைக்காவிட்டால் மூடும் நாளில் அது கிடைக்காது. குவித்துவைத்தாலும் ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் உயிர்ப்பு குறையும். 1970களின் இந்தியத் திட்டங்கள் எதிலும் இதற்கு இடமிருக்கவில்லை.

மேல்மண் இல்லாத இடத்தில் உள்நாட்டுப் புற்களையே முதலில் நிலைநிறுத்த வேண்டும். வெட்டிவேர் இதற்குப் பெயர்பெற்றது. இரண்டு மூன்று மீட்டர் ஆழம் செல்லும் அதன் வேர் மண்ணைத் தைத்துப் பிடிக்கிறது. வரிசையாக நட்டால் உயிருள்ள வரப்பாக நின்று வண்டலை மேலேயே தடுக்கிறது. தென்னிந்தியாவில் மணத்துக்காக வளர்க்கப்பட்ட இப்புல்லை உலகெங்கும் சுரங்கக் கழிவு மேடுகளில் இன்று நடுகின்றனர். புல்லுக்குப் பின் பயற்றினச் செடிகளும், ஈரமான மடிப்புகளில் சோலை மரங்களும் வரலாம். இதற்கு ஆகும் காலம் பத்தாண்டுக் கணக்கில் அமையும்.

மூடிய பின்னர் அணை

இயங்கும் சுரங்கத்தில் அணையைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் ஆலை வருவாயும் உண்டு. மூடிய சுரங்கத்தில் இரண்டும் இல்லை; அணையோ அப்படியே இருக்கிறது. பாசன அணையில் ஆபத்து தோன்றினால் மதகைத் திறந்து காலிசெய்யலாம். கழிவுச்சேற்று அணையைக் காலிசெய்ய வழியில்லை. அதனுள் நீர் ஊறிய நுண்மணல் அதிர்ச்சியில் திடீரெனத் திரவமாக மாறி ஓடக்கூடியது.

பிரேசில் நாட்டில் இரும்புச் சுரங்கங்களில் இது இருமுறை நிகழ்ந்தது. 2015 நவம்பர் 5 இல் மரியானா அருகே ஃபுண்டாவோ அணை உடைந்து 19 பேர் இறந்தனர். சேறு டோசே ஆற்றின் வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் சென்று அட்லாண்டிக் கடலில் கலந்தது. 2019 சனவரி 25 இல் புருமாடின்யோவில் உடைந்த அணையால் இறந்தோர் 270 பேர். அந்த இரண்டாவது அணையில் சேறு கொட்டுவது 2016 இலேயே நிறுத்தப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. படிந்த சேற்றின் மீதே அடுத்தடுத்த கரையை எழுப்பும் மேலோட்ட முறையில் இரண்டும் உயர்த்தப்பட்டவை. அம்முறையைப் பிரேசில் பின்னர்த் தடைசெய்தது. 2020 ஆகத்தில் கழிவுச்சேற்று மேலாண்மைக்கான உலகத் தொழில்துறைத் தரநெறி வெளியிடப்பட்டது. அணைக்குக் கீழே வாழ்வோருக்கு இடர் குறித்து அறியும் உரிமை உண்டு என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று.

லக்யா அணை இன்றும் நிற்கிறது. அதன் நீர்ப்பரப்பு வழிப்போக்கருக்கு ஓர் ஏரியாகவே தெரியும். மண் அணையின் உள்ளே நீர்மட்டத்தை அளக்கும் குழாய்கள், அடியில் கசியும் நீரின் அளவும் நிறமும், வழிந்தோடியின் நிலை ஆகியவற்றை ஒவ்வொரு மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தாக வேண்டும். கசிவுநீர் தெளிவாக இருந்தால் அது இயல்பு. கலங்கினால் அணையின் உடலிலிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள்.

தமிழ்நாட்டில்

குதிரைமுகத்தை ஒத்த மாக்னடைட்டுக் குவார்ட்சைட்டு சேலம் அருகே கஞ்சமலையிலும், திருவண்ணாமலை அருகே கவுத்திமலை, வேடியப்பன் மலை ஆகியவற்றிலும் உள்ளது. இவற்றில் பெருஞ்சுரங்கம் அமைக்கும் முன்மொழிவு 2000களில் வந்தபோது சுற்றியுள்ள ஊரார் எதிர்த்தனர், சுரங்கம் தொடங்கப்படவில்லை. இத்தாதுவையும் அரைத்துத்தான் பிரிக்க முடியும் என்பதால் கழிவுச்சேறு எங்கே தேங்கும் என்பதே அங்கும் முதற்கேள்வியாக இருந்திருக்கும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினருக்கு அறிமுகமான டால்மியாபுரத்துச் சுண்ணாம்புக்கல் குழிகள் வேறு வகை. அங்கு கல் முழுவதும் சிமெண்டாகிவிடுவதால் கழிவுச்சேறு என்பதே இல்லை.

மலைமேல் நடந்த உலோகச் சுரங்கம் என்றால் தமிழ்நாட்டில் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் நடந்த பாக்சைட்டு வெட்டலையே கூற வேண்டும். இம்மலைகளின் உச்சித் தட்டில் தொப்பிபோல் மூடியுள்ள பாக்சைட்டு, 1965 இல் இயங்கத் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பப்பட்டது. மலையில் குழி விழுந்தது. கழிவு மேட்டூரில் சேர்ந்தது. பாக்சைட்டை எரிசோடாவில் கரைத்து அலுமினாவைப் பிரித்தபின் எஞ்சும் செஞ்சேறு கடுமையான காரத்தன்மை கொண்டது. ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் வரை இது உண்டாகும். அங்கேரியின் ஐக்கா நகரில் 2010 அக்டோபர் 4 இல் செஞ்சேற்றுத் தேக்கம் உடைந்து பத்துப் பேர் இறந்தனர். பலர் உடல் வெந்து காயமடைந்தனர். கொல்லிமலையில் உரிய சூழல் இசைவு இன்றி வெட்டப்படுவதாக எழுந்த எதிர்ப்பும் வழக்கும், உலகச் சந்தை வீழ்ச்சியும் சேர்ந்த 2008 இல் வெட்டலும் ஆலையும் நின்றன. மேட்டூரில் செஞ்சேற்று மேடு எஞ்சியது.

பாக்சைட்டுத் தொப்பி நீரை உறிஞ்சிவைத்து மெல்ல விடும் கடற்பஞ்சு போன்றது. அதனை அகற்றினால் மலையடிவார ஓடைகள் மழையில் பெருகிக் கோடையில் வற்றும். கொல்லிமலையின் ஆகாயகங்கை அருவி புளியஞ்சோலையில் இறங்கி அய்யாறாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் துறையூர், முசிறி வட்டாரங்களை நனைக்கிறது. மேட்டூரைக் கடந்த காவிரியோ முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் எனப் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாகச் சூழ்கிறது. திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்திற்கும் குடிநீர், இவ்விரு ஆறுகளின் மணற்படுகையில் இறக்கிய சேகரிப்புக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அக்கிணறுகளுக்கு ஆற்றுமணலே வடிகட்டி.